இரண்டாம் கேட்சர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். முகமூடி மாட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பிடிக்கிறவர் கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரிதான். ஆனால் அடுத்து என்ன பந்து போடலாம் என்று பிட்சருக்கு, அதாவது பந்து வீசுகிறவருக்கு, சொல்வதும் இவர் வேலை. இத்தனை ஆட்டத்தையும் ஒருவருடைய முழங்கால் தாங்காது. அதனால் அணியில் இன்னொரு கேட்சர் இருப்பார். எனக்குப் பிடித்தவர் அந்த இரண்டாமவர்தான்.

டேவிட் ராஸ் என்ற இரண்டாம் கேட்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் 2016 வரை 15 சீசன்கள், ஏழு அணிகள். பேட்டிங் சராசரி .229, அதாவது நூறு வாய்ப்பில் ஏறத்தாழ 23 முறைதான் அடி பலித்தது. இதை மட்டும் பார்க்கிறவர்கள் அவரைச் சுமாரானவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஜான் லெஸ்டர் என்று ஓர் இடக்கைப் பிட்சர். பேட்டருக்கு வீசுவதில் கெட்டிக்காரர். முதல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்க ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு முனைகளில் முதலாவதுக்கு, எறிவதென்றால் மட்டும் கை வராது. எதிரணிகளுக்கு அது தெரியும். அங்கே நிற்கும் ரன்னர், அதாவது ஓடக் காத்திருக்கும் எதிரணி ஆட்டக்காரர், அடுத்த பேஸை நோக்கித் துணிந்து விலகுவார். அப்போது ராஸ் பந்தைப் பிடித்த வேகத்தில் முதல் பேஸுக்கு விசிறுவார், ரன்னர் விழுந்தடித்துத் திரும்புவார். பிட்சரின் குறையைக் கேட்சர் தன் தோளில் வாங்கிக்கொண்டார். 2015-இல் சிகாகோ கப்ஸ் அணிக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

2016 நவம்பர் 2, கிளீவ்லாந்து. சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில் கப்ஸுக்கும் கிளீவ்லாந்து அணிக்கும் ஏழாவது, கடைசி ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் லெஸ்டரை இறக்கினார்கள், கூடவே ராஸையும். அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். வந்ததும் முதல் பேஸுக்கு எறிந்த பந்து கைதவறிப் போயிற்று. அடுத்து லெஸ்டர் வீசிய ஒன்று தரையில் குத்தி எழும்பி ராஸின் முகமூடியில் அறைந்து எங்கோ ஓடியது. அவர் தடுமாறி விழுந்து எழுவதற்குள் இரண்டு ரன். கப்ஸுக்கு 5-1 என்றிருந்த முன்னிலை 5-3 ஆனது.

அடுத்த இன்னிங்ஸில் மட்டையோடு வந்தார். எதிரே கிளீவ்லாந்தின் பிட்சர் ஆண்ட்ரூ மில்லர், அந்த அக்டோபர் முழுக்க பேட்டர்களைத் திணறடித்தவர். ராஸ் அடித்த பந்து நடு மைதானத்துச் சுவரைத் தாண்டியது. ஹோம் ரன்! வயது 39. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இவ்வளவு வயதில் ஹோம் ரன் அடித்தவர் வேறு யாரும் அதற்கு முன் இல்லை.

பத்து இன்னிங்ஸ் வரை இழுத்த ஆட்டத்தை கப்ஸ் 8-7 என்று வென்றது. 1908-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் பட்டம். ராஸுக்கு அது கடைசி ஆட்டம். தன்னைவிட இளைய சக ஆட்டக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.