பழைய காருக்குப் பாயிண்டா, எலக்ட்ரானிக்கா?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் ஒன்றை வைத்திருந்து, அதைத் துடைத்து நிறுத்தாமல் ஓட்டவும் ஆசைப்படுகிறவர்களிடம் இந்தக் கேள்வி என்றாவது ஒரு நாள் வந்து நிற்கும். இன்ஜினின் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பழைய பாயிண்ட் செட்டையே வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவதா? இரண்டையும் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாயிண்ட் செய்கிற வேலை எளிமையானது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரை எடுத்தால், இரண்டு சின்ன டங்ஸ்டன் பொட்டுகள் எதிரெதிரே தெரியும். அவை ஒட்டியிருக்கும் வரை பேட்டரியின் கரண்ட் காயில் என்ற மின்சுருள் வழியாக ஓடுகிறது. நடுத்தண்டில் இருக்கிற, மேடுகள் கொண்ட கேம் சுழன்று, பாயிண்டில் அதை உரசி நிற்கும் ஹீலைத் தள்ளியதும் பொட்டுகள் பிரிகின்றன, கரண்ட் சட்டென்று அறுந்துபோகிறது. அறுந்த அந்தக் கணத்தில் காயிலின் மறுபக்கத்தில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. பொட்டுகளுக்கு நடுவிலேயே பொறி பறந்து அவை தீய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் கண்டென்சர். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய ஏற்பாடு இது. 1910 வாக்கில் கேடிலாக் கார்களில் வந்தது, 1970கள் வரை பெட்ரோல் கார்களை ஓட்டியது பெரும்பாலும் இதுதான்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது இந்தப் பொட்டுகள் நொடிக்கு 100 முறை பிரிந்து பிரிந்து சேர்கின்றன. இத்தனை அடி வாங்கினால் தேயத்தான் செய்யும். பொட்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். அதைவிட முக்கியம், கேமில் உரசும் ஹீல் தேய்வது. ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொட்டுகள் தாமதமாகப் பிரியும், டைமிங்கும், அதாவது பொறி வரும் நேரமும், பின்தங்கும். வண்டி ஓடும், ஆனால் இழுவை இருக்காது. தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, அவ்வளவு மெதுவாக நடக்கும்.

சரி, பாயிண்டைச் சரியாக வைப்பது கஷ்டமா? கையில் பழகிவிட்டால் கால் மணி நேர வேலை. இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்பி, ஹீல் கேமின் உச்சியில் ஏறி நிற்கும்படி செய்ய வேண்டும். பழைய நான்கு சிலிண்டர் கார்கள் பலவற்றில் அப்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நடுவே விட்டால், வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல மெல்லிய பிடிப்போடு போய் வர வேண்டும். இடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. இதில் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. பாயிண்டைப் பிடித்திருக்கும் திருகை இறுக்கும்போது அதன் தகடு துளி நகர்ந்து இடைவெளி மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை கேஜை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கேஜில் எண்ணெய் இருந்தால் அது பொட்டில் ஒட்டும், துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். அப்புறம் கேமில் அரிசியளவு கிரீஸ். அது இல்லாமல் ஓடினால் ஹீல் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

எலக்ட்ரானிக் வகையில் பாயிண்டும் கண்டென்சரும் கிடையாது, அந்த இடத்தில் மாட்யூல் என்ற எலக்ட்ரானிக் சாதனம் உட்காரும். சிலவற்றில் நடுத்தண்டில் காந்த வளையம் ஒன்று மாட்டியிருக்கும். காந்தம் கடந்துபோவதைப் பார்த்து ஹால் சென்சார் கரண்டை வெட்டும். வேறு சிலவற்றில் அகச்சிவப்பு ஒளிக்கதிர் மறைபடுவதை வைத்து வேலை நடக்கும். உரசுகிற பொருள் இல்லை என்பதால் தேய்மானமும் இல்லை, ஒரு முறை வைத்த டைமிங் நகராது. காலையில் ஸ்டார்ட் ஆவதும் ஐடிலில் சீராக நிற்பதும் நல்ல மாட்யூலில் கண்கூடாகத் தெரியும். கிரைஸ்லர் 1973 மாடல்களில் இருந்தே தன் கார்கள் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்ததற்கு இந்த நிலைத்தன்மையும் காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாயிண்ட் என்ற அந்தச் சுவிட்சுக்கு மட்டும்தான் மாட்யூல் மாற்று. வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப டைமிங்கை மாற்றும் எடைகள், ஸ்பிரிங்குகள், வேக்குவம் அட்வான்ஸ், தண்டு, அதைத் தாங்கும் புஷ், மூடி, ரோட்டர், ஒயர்கள் எல்லாம் அதே பழையவைதான்.

இதை நான் பட்டுத்தான் புரிந்துகொண்டேன். என் காரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் மிஸ்ஸிங் அடித்தது. பாயிண்ட் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், போகவில்லை. பாயிண்டே வேண்டாம் என்று எலக்ட்ரானிக் மாட்டினேன். அப்போதும் மிஸ்ஸிங் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு மாலை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி, மாட்யூல் அமர்ந்திருக்கும் தகடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்கும் சின்ன எர்த் ஒயர் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்ந்தது. விரலால் மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. மேல் உறை முழுசாக இருந்தது, உள்ளே இழைகள் எல்லாம் எப்போதோ அறுந்திருந்தன. ஒரு விரல் நீள ஒயர். பாயிண்டுக்கும் எர்த் அது வழியாகத்தான், நான் மாட்டிய மாட்யூலுக்கும் அது வழியாகத்தான்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கோளாறு இருக்கிற வண்டிக்கு எலக்ட்ரானிக்கை மருந்தாக மாட்டாதீர்கள். பாயிண்டோடு வண்டி நன்றாக ஓடட்டும். தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, பாயிண்ட் இடைவெளி எங்கேயும் நிலையாக நிற்காது. இந்த ஆட்டத்தை எலக்ட்ரானிக் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், குணப்படுத்தாது. அதையெல்லாம் சரிசெய்த பிறகும் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாற்றலாம்.

யார் மாற்றலாம்? அடிக்கடி ஓட்டுகிறவர், நெடுந்தூரம் போகிறவர், மூடியைத் திறந்து பார்க்க நேரமோ விருப்பமோ இல்லாதவர். இவர்களுக்கு நான் எலக்ட்ரானிக்கைத்தான் சொல்வேன். மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுக்கிறவருக்கும், கார் பிறந்தபடியே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கும் பாயிண்டே போதும். சாவு வருவதைப் பாயிண்ட் முன்கூட்டியே சொல்லும். ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும், இழுவை குறையும், அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், சாலையோரத்தில் அதைப் பழுதுபார்க்க வழியே இல்லை.

மாற்றுவது என்று முடிவானால் வாங்கும் முன், பேட்டரியின் எந்த முனை காரின் உடம்போடு எர்த்தாக இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றி இணைத்தால் மாட்யூல் எரிந்துபோகும். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும், காயிலின் ஓம் அளவு மாட்யூலுக்கு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிளக் ஒயர் வெறும் செம்பாக இருந்தால் அதன் இடையூறு சில மாட்யூல்களைக் குழப்பும், ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயர் போடுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை ஆனிலேயே விட்டுவிடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காயிலும் போகும், சில மாட்யூல்களும் போகும். பழைய ஆர்.பி.எம். மீட்டர்கள் சில, எலக்ட்ரானிக் மாட்டியதும் வேலை செய்யாமல் போகலாம். அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பாயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு, காயிலின் கனமான கரண்டை ஒரு டிரான்சிஸ்டர் வெட்டும்படி செய்வது. பொட்டுகள் வழியாகச் சிறு கரண்ட் மட்டும் போவதால் அவை தீயாது, ஹீலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். டிரான்சிஸ்டர் போனால் ஒயரை மாற்றிச் செருகிப் பழைய முறையில் ஓட்டலாம், கண்டென்சரைக் கழற்றாமல் விட்டிருந்தால்.

என் காரில் இப்போது எலக்ட்ரானிக்தான் ஓடுகிறது. கழற்றிய பாயிண்ட் தகடு டிக்கியில் ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. பாயிண்டும் கண்டென்சரும் அதிலேயே திருகியிருக்கின்றன, பொட்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு, பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ், ஒரு டார்ச். ஒரு இரவு அந்த டப்பாவைத் திறக்க வேண்டி வந்தது. இருபது நிமிடத்தில் மாட்டி முடித்தேன், சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.