பாராளுமன்றத்துக் கணக்கும் எங்கள் ஊர்க் கணக்கும்

(யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்த ஓய்வுநிலை அதிபர் ஐயா அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வங்கி முகாமையாளர் அவர்களே, கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் வந்து இந்த மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தந்த அன்பர்களே, இடமில்லாமல் மதிலோரம் நிற்கும் இளைஞர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி அவருடைய அன்பு. பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத் தலைவிக்கு நன்றி. இன்று நான் பேசப் போவதில் பெரும்பகுதி அவருடைய சங்கத்துப் பெண்களைப் பற்றியதுதான். அதிபர் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் பாவம். இந்த ஊரில் கூட்டல் கழித்தல் பிழையாமல் செய்யத் தெரிந்த யாரைக் கேட்டாலும் அவருடைய பெயரைத்தான் சொல்வார்கள். ஐயா, நீங்கள் நல்லாயிருக்க வேண்டும்.

பொருளாதார நெருக்கடியில் பாராளுமன்றம் என்ன செய்தது என்று பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மூன்று விடயங்களைத் தொடலாம் என்று வந்திருக்கிறேன். அரச நிதி மீது பாராளுமன்றத்துக்குள்ள அதிகாரம், வங்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள், சிறு தொகையாகக் கொடுக்கும் நுண்கடன் எங்கள் பெண்களின் தலையில் வைத்த பாரம். ஆனால் முதலில் என் பழமொழி. நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்று பழகியவர்களுக்குத் தெரியும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. எங்கள் குடாநாட்டில் மாரிக்கு ஓடும் வழுக்கையாற்றை விட்டால் வேறு ஆறு கிடையாது. இருந்தும் என் பாட்டியார் கோயில் உண்டியலில் காசு போடும்போதுகூட இதைச் சொல்லித்தான் போடுவார்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். அரச நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்று எங்கள் அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. இதைவிடப் பெரிய அதிகாரம் ஒரு சபைக்கு இருக்க முடியாது. அந்த அதிகாரம் இருந்த நாட்டில் என்ன நடந்தது? 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. திறைசேரியின் வருமானம் சரிந்தது. விழுந்த பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி காசு அச்சிட்டுக் கொடுத்தது. டொலர் கையிருப்பு கரைந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்ரெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம்.

இவை பேப்பரில் வந்த இலக்கங்கள். எங்களுக்கு அந்த நெருக்கடி மண்ணெண்ணெய்க் கானில் வந்தது. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ற்றில் ஒரே இரவில் 340 ரூபா ஆனது. குருநகரில் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். வெங்காயத்துக்கு இறைக்க முடியாமல் பயிரைக் காயவிட்டவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். அந்த வெங்காயத்துக்காகத் தோட்டுச் சோடியை அடைவு வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

குடிமக்கள் தொடுத்த வழக்கில் 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதிகள், முன்னாள் நிதி அமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அதைச் சொல்ல நீதிமன்றம்வரை போக வேண்டி வந்ததே, 148ஆம் உறுப்புரையைக் கையில் வைத்திருந்த சபை அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? அரச நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழு இருந்தது, அரச கணக்குகளைப் பார்க்கும் கோபா குழு இருந்தது, அரசாங்க நிதி பற்றிய குழு இருந்தது. அவற்றில் இருந்து நல்ல கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை சபை காத்திருக்கவில்லை, அதுதான் என் குறை.

2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் அது. அரசாங்கத்துக்காகக் காசு அச்சிட மத்திய வங்கிக்குத் தடை போட்டது. திறைசேரியின் செயலாளர் மத்திய வங்கியின் சபையில் இருந்து முடிவெடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தியது. இதை நான் வரவேற்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் வரும்.

அதே ஆண்டு யூலை 1ஆம் திகதி, சனிக்கிழமை, வங்கிகள் பூட்டிக் கிடந்த விடுமுறைக்குள் பாராளுமன்றம் கூடியது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புப் பிரேரணை 122க்கு 62 என்று நிறைவேறியது. வைப்பாளருக்குப் பாதிப்பு வரக்கூடாது என்று சொல்லி வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை, தொடவில்லை. பாரம் ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்களின் மீது இறங்கியது. பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, சில காலம் 12 வீதமும் அதன் பிறகு 9 வீதமும் தரும் நீண்டகால முறிகளை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்த நிதியங்களின் முறி வருமானத்துக்கான 14 வீத வரி 30 வீதமாகும். அப்போது அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் வட்டி இதைவிட மிக மேலே நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். தைக்கும் ஆலையில் நின்று வேலை செய்த பெண் பிள்ளையின் முதுமைக்கான காசு அது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்று. 1961ஆம் ஆண்டு அதே யூலை 1ஆம் திகதிதான் மக்கள் வங்கி தொடங்கியது. கூட்டுறவு இயக்கத்தின் சமஷ்டி வங்கியைப் பொறுப்பெடுத்து, கூட்டுறவாளரின் வங்கியாகத் தொடங்கியது அது. அந்தத் திகதியைக் கண்டதும் எனக்கு எங்கள் சங்கம்தான் நினைவுக்கு வந்தது. முகாமையாளர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் இந்த வாசிகசாலைக்குப் பக்கத்து அறையில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கூட்டம். பெற்றோல்மக்ஸ் விளக்கைக் கொளுத்தி வாங்கில் வைப்பார்கள். பொருளாளர் ஓர் இளைப்பாறிய லிகிதர். கட்டினவர் பெயர், கட்டின காசு, கடன் எடுத்தவர், திருப்பிக் கட்டினது எல்லாவற்றையும் உரத்து வாசிப்பார். ஒருநாள் அவர் வாசித்து முடிக்கும்போது, கடகம் இழைத்துச் சீவிக்கும் ஓர் ஆச்சி எழும்பினார்.

"தம்பி, என்ர கணக்கில 25 சதம் குறையுது."

ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கட்டுகிற ஒவ்வொரு முறையும் அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். லிகிதர் பேரேட்டைப் புரட்டினார். சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஆச்சி இருக்கவில்லை. மறுபடியும் புரட்டினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தேத்தண்ணி வந்தது, குடித்தார்கள், ஆச்சி நின்றபடியே குடித்தார். கடைசியில் ஒரு வாலிபர் பொறுக்க முடியாமல் மடியிலிருந்து சில்லறையை எடுத்தார்.

"இந்தா ஆச்சி 25 சதம். கூட்டத்தை முடிப்பம்."

ஆச்சி அந்தக் காசைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உன்ர காசு எனக்கென்னத்துக்கு மோனை? என்ர காசு எந்தப் பக்கத்தில கிடக்கெண்டு சொல்லு."

மண்டபம் அமைதியாகிவிட்டது. லிகிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மற்ற எல்லோருடைய பக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். அப்புறம் கண்டுபிடித்தார்கள். அதே பெயருள்ள இன்னொரு பெண்ணின் பக்கத்தில் அந்த 25 சதம் ஏறியிருந்தது. லிகிதர் சபையில் எழுந்து நின்று, பிழை தன்னுடையது என்று சொன்னார். சிவப்பு மையால் திருத்தி, தலைவரும் இரண்டு அங்கத்தவரும் கையெழுத்து வைத்தார்கள். ஆச்சி கைநாட்டு வைத்தார். எல்லாம் முடிய இரவு 10 மணி தாண்டிவிட்டது.

அந்தச் சங்கத்தின் பேரேடுகள் 1995 இடப்பெயர்வோடு போயின. நாங்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போய்த் திரும்பி வந்தபோது அறை மட்டும் இருந்தது. 2009க்குப் பிறகு ஏ9 பாதை வழியாக லீசிங் கம்பனிகளும் நுண்கடன்காரரும் வந்தார்கள். ஐந்து பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்திக்காக மற்றவர்களைக் கையெழுத்து வைக்கச் செய்தார்கள். கிழமைக் காசு கட்ட முடியாதவளின் வாசலில் மற்ற நாலு பேரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்த பெண்கள் இன்று ஒருவரையொருவர் கிணற்றடியில் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் என்ன வட்டி எழுதியிருந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

பாராளுமன்றம் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2016இன் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தது, ஆனால் வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுக்கிறவர்கள் அதன் பிடிக்குள் சரியாக வரவில்லை. 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீத வட்டி உச்சவரம்பு வந்தது. 35 வீதம்தான் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்த பாதுகாப்பு. பெரியவர்களுக்கு? 2024 வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். வங்கி விழுந்தால் வைப்பாளரும் விழுவார், ஆகவே அதை நான் எதிர்க்கவில்லை. வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒருவருடைய வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு என்பதும் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் காப்புறுதி கூட்டுறவுச் சங்கத்தில் சேமிக்கிறவருக்கு இல்லை. ஏன் இல்லை என்று நான் போகுமிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயம். எங்கள் மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தெரிவு செய்யப்பட்ட சபை இல்லாமல் ஆண்டுகள் ஓடிவிட்டன. நியதிச்சட்டம் செய்யச் சபை இல்லாவிட்டாலும் சங்கம் தொடங்கத் தடை இல்லை. கூட்டுறவுத் திணைக்களம் இருக்கிறது, பதிவாளர் இருக்கிறார். மூளாயில் எங்கள் முன்னோர் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே கட்டி நடத்தினார்கள். எங்களால் ஒரு பேரேட்டை நடத்த முடியாதா?

மாதர் சங்கத் தலைவியோடு இதைப் பேசிவிட்டேன். பிரதேச செயலாளர் அம்மாவின் முன்னிலையிலும் சொல்கிறேன். பக்கத்து அறையைத் திறந்து, சிக்கன கடனுதவு சங்கத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும். மாதா மாதம் கணக்கை உரத்து வாசிக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை அந்த அறையின் சுவரில் எழுதும் செலவை நான் ஏற்கிறேன். எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், நிதி விவாதங்களில் இரண்டு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும். கடன் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஆண்டு வட்டியைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் எப்போது? கூட்டுறவு வைப்புக்குக் காப்புறுதி எப்போது?

இந்த இரண்டையும் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள். வாசிக்க முடியாதவர்களுக்கு மதிலோரம் நிற்கும் தம்பிமார் வாசித்துக் காட்டுவார்கள், அவர்களிடம் கேட்டிருக்கிறேன். சங்கத்தில் சேர விரும்புகிறவர்கள் அடையாள அட்டை இலக்கத்தோடு மாதர் சங்கத் தலைவியிடம் பெயர் கொடுங்கள். முதல் கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிறு, பின்னேரம் 4 மணிக்கு.

நன்றி, வணக்கம்.