இரண்டு ரப்பர் வளையங்கள்

நேயர்களே, வணக்கம். பைக்கின் முன்பக்க ஷாக்கையும் டிஸ்க் பிரேக்கையும் வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியைக் கெடுத்து, பிறகு சரிசெய்து கற்றுக்கொண்டவன்.

கெடுத்த கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் கேலிப்பரை முதன்முறை கழற்றியபோது, அதற்குள் இருந்த பிஸ்டன், ரப்பர் சீல் எல்லாவற்றையும் பெட்ரோலில் ஊறப்போட்டுப் பளபளவென்று துடைத்து மாட்டினேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் வண்டி நகர மறுத்தது. டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. பிரேக் லிவரை விட்ட பிறகும், பிஸ்டன் தள்ளும் உராய்வுக் கட்டையான பேட் டிஸ்க்கை விடவில்லை.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. கேலிப்பருக்குள் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த வேலையைப் பார்ப்பது, பிஸ்டனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம். லிவரை அழுத்தினால் பிஸ்டன் முன்னே போகும். வளையம் அதைக் கவ்விப் பிடித்தபடி லேசாக வளையும். லிவரை விட்டதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்போது பிஸ்டனையும் ஒரு நூலிழை பின்னுக்கு இழுத்துவிடும். சக்கரம் தடையில்லாமல் சுற்றுவது அந்த நூலிழை இடைவெளியில்தான். பெட்ரோல் குடித்து உப்பிய வளையத்தால் இதைச் செய்ய முடியவில்லை. அதன் பள்ளத்தில் பழைய அழுக்கு இறுகிக் கிடந்தாலும் இதே கதைதான். அதனால் பிஸ்டனை மட்டும் துடைத்தால் போதாது, மரக்குச்சியால் அந்தப் பள்ளத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

பெயரும் நம்மை ஏமாற்றுகிறது. 'பிரேக் ஆயில்' என்கிறோம். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் டாட் 3, டாட் 4 என்ற தரங்கள் இரண்டும் ஆயிலே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். ஆயில்தானே என்று சீலில் சாதாரண கிரீஸ் தடவினால் அதுவும் உப்பும். சீலுக்குத் தடவ வேண்டியது புதிய பிரேக் ஆயில்தான். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அழுத்தத்தில் சுருங்குமே தவிர பிஸ்டனைத் தள்ளாது. லிவர் கைப்பிடி வரை வந்து தொடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். பிரேக் ஆயில் பெட்ரோல் டேங்கில் சிந்தினால் பெயின்ட் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இன்னொரு வளையம் ஷாக்கில் இருக்கிறது. உள்குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் புது சீல் மாட்டும் முன் குழாயின் மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் துருப்புள்ளி நகத்துக்குச் சிக்கும். அதை அப்படியே விட்டால் புது சீலின் உதட்டையும் கிழிக்கும். சின்னப் புள்ளி என்றால் நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். குழியே விழுந்திருந்தால் குழாயை மாற்றியாக வேண்டும். சீலை ஏற்றும்போது குழாய் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, எண்ணெய் தடவி நழுவ விடுவேன். இல்லாவிட்டால் முனையின் கூர்மையே சீலை அறுத்துவிடும்.

மேல்மூடியை மட்டும் அலட்சியமாகத் திறக்காதீர்கள், கீழே ஸ்பிரிங் அழுந்திக் கிடக்கிறது. குழாய் அதை வண்டியோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பில் இருக்கும்போதே, மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு மூடியை ஒரு திருகு இளக்கிக்கொண்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முன் ஷாக்குக்குள் ஊற்றும் ஃபோர்க் ஆயில் இரண்டு காலிலும் ஒரே அளவு. அந்த அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், கண்மதிப்பு வேண்டாம். பின்பக்க ஷாக் வாயு அடைத்த வகை என்றால் வீட்டில் தொடவே வேண்டாம்.

ஷாக் வேலையை முடித்துவிட்டுத்தான் பிரேக்குக்கு வருவேன். ஒழுகிய ஆயில் பேட்டில் பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடைசியாக, பிரேக் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை எடுப்பது. கேலிப்பரில் உள்ள சின்னத் திறப்புத் திருகான நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். லிவரை அழுத்தி நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே லிவரை விடுங்கள். மேலே லிவர் பக்கம் உள்ள பிரேக் ஆயில் கிண்ணம் வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுமை போகும் இடம் இதுதான். குமிழி நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஒன்று ஊர்ந்து வரும்.

எல்லாம் மாட்டியதும் உடனே ஏறி உட்காராதீர்கள். பேட் டிஸ்க்கைத் தொடும் வரை முதல் சில அழுத்தங்கள் வெறுமனே போகும். ஸ்டாண்டில் நிற்கும்போதே லிவர் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிடுங்கள். நான் பெட்ரோலில் ஊறப்போட்ட அன்று இதைச் செய்திருந்தால், அந்த இரண்டு தெருவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியிருக்க மாட்டேன். வணக்கம்.