குடிலுக்குள் மாடும் கழுதையும் வந்தது எப்படி?

[திரையில்: கிறிஸ்துமஸ் குடில். கேமரா மாட்டின் முகத்தை நெருங்குகிறது.]

வணக்கம் நேயர்களே! இந்தக் குடிலைப் பாருங்கள். குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு, பக்கத்தில் ஒரு மாடு, ஒரு கழுதை. இப்போது பைபிளை எடுத்து மத்தேயுவிலும் லூக்காவிலும் இயேசு பிறந்த பகுதியைப் படியுங்கள். மாடு எங்கே? கழுதை எங்கே? ஒரு வார்த்தைகூடக் கிடையாது!

இவை இரண்டும் வந்தது ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து. கத்தோலிக்கர்கள் எசாயா என்பார்கள். இயேசுவுக்கு 700 ஆண்டுகளுக்கு முன், அசீரியப் படை மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில் எருசலேமில் வாழ்ந்தவர். அவர் பெயரில் உள்ள 66 அதிகாரங்களில், 40 முதலானவை பிற்காலத்தவை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். வரலாறு இவ்வளவு போதும், மாட்டிடம் போவோம்.

[திரையில்: ஏசாயா 1:3]

"மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், இஸ்ரவேலோ அறிவில்லாமலும், என் ஜனம் உணர்வில்லாமலும் இருக்கிறது."

தொழுவம் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரி சுருக்கென்று தைக்கும். பொழுது சாயும்போது மேய்ச்சலிலிருந்து வரும் மாட்டை யாரும் ஓட்ட வேண்டியதில்லை. தெருவில் எத்தனை வாசல்கள் இருந்தாலும் தன் வாசலில் திரும்பி, தன் கட்டுத்தறியில் வந்து நிற்கும். அந்த மாட்டுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே என்று ஏசாயா தன் சொந்த மக்களிடம் ஆற்றாமையோடு கேட்கிறார்.

இனி லூக்காவுக்கு வாருங்கள். மரியாள் பிள்ளையைத் துணிகளில் சுற்றி எங்கே கிடத்தினாள்? "முன்னணையிலே"! தீவனத் தொட்டியைக் குறிக்கும் அதே சொல். தமிழ் மொழிபெயர்ப்பில் தற்செயலாக நேர்ந்ததல்ல இது. ஏசாயாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும், லூக்கா எழுதிய கிரேக்கத்திலும் ஒரே சொல்தான்: பாத்னே. இரண்டையும் கிரேக்கத்தில் வாசித்த ஆதிக் கிறிஸ்தவர்களின் காதில் அது விழாமல் இருக்குமா? எஜமான் இதோ முன்னணையில் கிடக்கிறார். அறிந்துகொள்ள மாடும் கழுதையும் வர வேண்டாமா? அப்படித்தான் வந்தன.

இத்தாலியின் மிலான் நகரில், புனித அம்புரோஸ் ஆலயத்தில் 4ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடியில் துணி சுற்றிய குழந்தை, இரு பக்கமும் மாடும் கழுதையும். மரியாள் இல்லை, யோசேப்பும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கிறிஸ்து பிறப்புச் சிற்பம் இதுதான். 1223-இல் பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்ற ஊரில் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக அமைத்தபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஏசாயாவை வருங்காலம் சொன்னவராக மட்டும் பார்ப்பது அவரைக் குறுக்கிவிடுகிறது என்பது என் கருத்து. கிறிஸ்தவர்கள் இயேசுவைப் புரிந்துகொண்ட மொழியே பெரும்பாலும் அவர் தந்தது. அடிக்கப்படும் ஆட்டுக்குட்டியைப் போல வாய் திறவாத ஊழியன் வருகிற 53ஆம் அதிகாரம் சிலுவையின் சித்திரமாகவே அவர்களுக்குத் தெரிந்தது. யூதர்கள் பலர் அந்த ஊழியனை இஸ்ரவேல் மக்களாகவே வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பையும் மதித்துத்தான் இதைப் பேச வேண்டும். நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்ததும் ஏசாயாவைத்தான். ஏசாயாவைத் தீர்க்கதரிசி என்பதைவிட நற்செய்தியாளர், அதாவது இயேசுவின் வாழ்வை எழுதியவர், என்பதே பொருந்தும் என்று எழுதினார் பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம்.

[திரையில்: பழுப்பேறிய தோல் சுருள்]

1947-இல் சாக்கடலோரம் கும்ரான் குகையில் ஏசாயா புத்தகச் சுருள் கிடைத்தது. 7 மீட்டருக்கு மேல் நீளம், இயேசுவுக்கும் முந்தையது. இப்போது எருசலேமில் பாதுகாக்கப்படுகிறது. அதன் முதல் பத்தியிலேயே அந்த மாடும் கழுதையும் இருக்கின்றன. சுருளைக் கண்டெடுத்தவர்கள் யார் தெரியுமா? ஆடு மேய்ப்பவர்கள்!

உங்கள் வீட்டுக் குடிலில் கழுதை இருக்கிறதா? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.