சண்டை ஓய்ந்த பிறகு எடுத்த கண்ணிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோதே எதைச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். டிசம்பர் 3 மாலை தொடங்கி, மேற்கு முனையில் 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ஓய்ந்த சண்டையைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் நினைவில் அதிகம் தங்கியிருப்பது, புதைத்த கண்ணிவெடிகளை எடுத்த அந்த மாதங்கள்தான்.

அப்போது நான் செகண்ட் லெப்டினன்ட். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் தேறி, புனேயில் ராணுவப் பொறியியல் படித்து, மதராஸ் சேப்பர்ஸில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. 1780இல் தொடங்கிய பழைய படை அது. பெங்களூரு அல்சூர் பக்கம் தலைமையிடம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் சேப்பர் வேலை. என் பிளாட்டூனில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் கேட்கும். சுபேதார் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர், 1965இல் சியால்கோட் முனையைப் பார்த்தவர். எனக்கு சல்யூட் வைப்பார். ஆனால் தரையைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

நாங்கள் இருந்தது ஷகர்கர் பகுதி. பதான்கோட்டிலிருந்து ஜம்மு போகும் சாலைக்குப் பக்கத்தில் பாகிஸ்தான் நிலம் புடைத்துக்கொண்டு நிற்கும் இடம் அது. அங்கிருந்து ஒரு படை வேகமாக வந்தால் சாலை துண்டிக்கப்படும், காஷ்மீருக்குப் போகும் வழியே அடைபடும். அதனால் நாம் முந்திக்கொண்டு உள்ளே போனோம். பேயின், பசந்தர் என்று ஓடைகள். கரையெல்லாம் ஆள் உயர நாணல், கரும்பு, அதிகாலையில் கை தெரியாத பனிமூட்டம். ஓடைகளை ஒட்டிப் பல நூறு கெஜத்துக்கு எதிரி கண்ணிவெடி புதைத்த நிலம், கண்ணிவயல் என்போம்.

அந்த வயலுக்குள் டாங்க் போக வழி செய்யும் முறையைச் சொல்கிறேன். இரவில் வரிசையாகக் குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகப் பிடித்து மண்ணுக்குள் மெல்லச் செலுத்த வேண்டும். நேர்க்குத்தாக இறக்கினால் கண்ணியின் தலையில் குத்திவிடும். சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தட்டும். தட்டியதும் நிறுத்தி, கையால் மண்ணை விலக்க வேண்டும். டாங்க் கண்ணி மனிதன் மிதித்தால் வெடிக்காது. அதற்கு நூறு கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும். ஆனால் அதை எடுக்க வருபவனுக்காகச் சுற்றிலும் சிறு கண்ணிகளைப் புதைத்திருப்பார்கள். ஷூ பாலிஷ் டப்பா அளவுதான் இருக்கும், ஒரு பாதம் போய்விடும். சோதித்த இடத்துக்கு இருபுறமும் வெள்ளை நாடா. எதிரி பீரங்கி அடித்துக்கொண்டிருக்கும்போதும் இந்த வேலையை வேகப்படுத்த வழியே கிடையாது.

டிசம்பர் 15 இரவு பசந்தரில் 9ஆம் பொறியாளர் ரெஜிமெண்ட் இப்படித்தான் பாதை போட்டுக்கொண்டிருந்தது. வேலை முடிவதற்குள் எதிரி டாங்குகள் திரள, பூனா ஹார்ஸ் படையினர் மிச்சமிருந்த கண்ணிவயலுக்குள்ளேயே தங்கள் டாங்குகளை ஓட்டிப் போனார்கள். மறுநாள் அங்கே விழுந்த அருண் கேத்ரபாலுக்கு 21 வயது. பரம்வீர் சக்கரம் பெற்றவர், ஊரறிந்த பெயர். அந்த முனையில் கண்ணி அகற்றும் பணியில் உயிர் நீத்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியின் பெயரையும் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 9ஆம் ரெஜிமெண்ட்காரர், மகாவீர் சக்கரம் பெற்றவர்.

16ஆம் தேதி டாக்கா சரணடைந்த செய்தியை டிரான்சிஸ்டரில் கேட்டோம். அடுத்த நாள் இரவு எங்கள் பக்கமும் துப்பாக்கிகள் நின்றன. சரி, இனி ஊருக்குப் போகலாம் என்று காலாட்படைப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் சுபேதார் மட்டும், "நமக்கு இனிமேல்தான் சார் வேலை" என்றார்.

உண்மைதான். 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் ஆகி, டிசம்பரில் படைகள் பின்வாங்கும் வரை எல்லையிலேயே இருந்தோம். போருக்கு முன்னால் நம் பக்கத்து விவசாயிகளின் கோதுமை நிலங்களில் நாமே அவசர அவசரமாகப் புதைத்த கண்ணிகளை இப்போது நாமே எடுக்க வேண்டும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பதிவேடு உண்டு. எந்த அடையாளத்திலிருந்து, எந்தத் திசையில், எத்தனை அடி என்று அதில் எழுதியிருக்கும். ஒன்றில் "ஒற்றைக் கருவேல மரத்திலிருந்து" என்று குறித்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் மரமே இல்லை. குளிருக்கு யாரோ வெட்டி எரித்துவிட்டார்கள். சுபேதார் வேலிக்கு வெளியே தரையோடு தலையைச் சாய்த்து, காலை வெயில் சாய்வாக விழும்வரை காத்திருந்து, புல்லுக்குள் சற்றே மேடாகத் தெரிந்த அடிக்கட்டையைக் கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் முதல் வரிசையை அளந்தோம்.

மழைக்குப் பிறகு அந்த அளவுகளும் பொய்த்தன. ஓடை பெருகிச் சில கண்ணிகளை இடம் மாற்றிவிட்டது. எங்கள் சேப்பர் ஒருவன், தருமபுரிப் பக்கத்துப் பையன், ஏற்கெனவே சோதித்து நாடா கட்டிய பாதையின் ஓரத்தில் மிதித்தான். சத்தம் பெரிதாக இல்லை. அவன் அலறினான். இதை எப்படிச் சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை: நான்கு ஆள் தூரத்தில் நின்றிருந்த எங்களால் ஓடிப்போய்த் தூக்க முடியாது. ஓடினால் இன்னொருவன் மிதிப்பான். சுபேதார் குப்புறப் படுத்து, கம்பியால் ஒவ்வொரு சாணாகக் குத்திப் பார்த்துக்கொண்டே அவனை நோக்கிப் போனார். போகும்போது பேசிக்கொண்டே போனார். "அசையாதேடா தம்பி, வந்துட்டேன், இதோ வந்துட்டேன்." பின்னால் நாடாவைப் பிடித்துக்கொண்டு நான் ஊர்ந்தேன். பையன் பிழைத்தான். வலது பாதம் போயிற்று. அப்போது போர் ஓய்ந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

வெற்றி விழாக்களில் பேச என்னை அழைக்கும்போதெல்லாம் அவனைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. போரில் அடிபட்டவன் என்றால் அவனும்தான்.

ஒரு வயல் முடிந்ததும் ஊர்க்காரர்களை வரவழைத்து, அவர்கள் பார்க்க நாங்கள் தோளோடு தோள் சேர்ந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்து காட்டுவோம். அதிகாரி நடுவில் இருக்க வேண்டும் என்பது சுபேதார் வைத்த வழக்கம். அப்புறம்தான் வேலியை அவிழ்ப்போம். சர்தார் பெரியவர்கள் கையோடு மோர் கொண்டு வருவார்கள்.

2001 முடிவில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் படைகள் மீண்டும் எல்லைக்குப் போயின. அதே மாதிரி நிலங்களில் மீண்டும் கண்ணி புதைத்தார்கள், மீண்டும் சேப்பர்களும் விவசாயிகளும் கால் இழந்தார்கள். ஆட்களைக் குறிவைக்கும் கண்ணிகளைத் தடைசெய்யும் 1997 ஒப்பந்தத்தில் இந்தியாவும் கையெழுத்திடவில்லை, பாகிஸ்தானும் இடவில்லை. ராணுவத்துக்கு அதற்கான காரணங்கள் இருக்கின்றன; அவை எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு நாடுகளும் கையெழுத்திட வேண்டும் என்றே நான் சொல்வேன்.

இலங்கை 2017இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. வடக்கே முகமாலைப் பக்கம் தமிழ்ப் பெண்கள் பலர் இந்த வேலையைச் செய்தார்கள். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. வெயிலில் கவசமும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, மண்ணைச் சிறு ரேக்கால் வாரி வாரிக் கண்ணியைத் தேடும் படங்களைப் பார்த்தேன். நாங்கள் கம்பியால் செய்ததை அவர்கள் ரேக்கால் செய்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது சந்தித்து, மழைக்குப் பிறகு இடம் மாறிய கண்ணியை எப்படித் தேடுகிறீர்கள் அம்மா என்று உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வணக்கம்.