வாயில் தங்கிய பாட்டும் பீரோவில் பூட்டிய புத்தகமும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே நமக்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வாசகர் வட்டம் கலைந்துபோகாமல் காத்துவரும் செயலாளர் அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகையின்றித் தந்து உதவிய மளிகைக்கடை அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்பதால் பதவிகளை மட்டுமே சொன்னேன். பதவி இல்லாதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், எனக்கும் இப்போது பதவி ஒன்றும் இல்லை.

'சிறுவயதில் படித்தவை, வளர்ந்தபின் நினைவில் நிற்பவை' என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நான் மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்தேன். முதலாவது, வாய்மொழியாக வந்த பாட்டு. இரண்டாவது, அச்சில் வந்த புத்தகமும் பத்திரிகையும். மூன்றாவது, அவற்றில் இருந்த ஓவியங்கள். மூன்றுக்கும் சேர்த்து எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று உண்டு: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். சுபநிகழ்ச்சி மேடையில் சுடுகாட்டை இழுக்காதே என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறார். தொட்டிலை ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொண்டுதானே ஆக வேண்டும்?

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், எனக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். திருமயம் வருவதற்கு முன்னால் டயர் வெடித்துவிட்டது. ஸ்டெப்னி மாற்ற வேண்டும், எல்லாரும் இறங்குங்கள் என்றார் நடத்துநர். இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பொழுது சாய்ந்து, முழுநிலா எழும்பியிருந்தது. கையில் குழந்தையோடு ஒரு பாட்டி. அந்தக் குழந்தையோ வீறிட்டு அழுதபடி இருந்தது. பாட்டி அதன் முகத்தை நிலாவின் பக்கம் திருப்பி, "நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா" என்று மெல்லத் தொடங்கினார். "மலை மேலே ஏறி வா, மல்லிகைப்பூ கொண்டு வா" என்று வந்தபோது சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். விறைப்பாக மீசை வைத்திருந்த ஒருவர், விடுப்பில் வந்த ராணுவ வீரர் என்று பிறகு தெரிந்தது, அவரும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அடியில்தான் வம்பு வந்தது. பாட்டி, "நடு வீட்டில் வை, நல்ல துதி செய்" என்று பாடினார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி, "இல்லை பாட்டி, 'பட்டம் போல் பறந்து வா, பம்பரம் போல் சுற்றி வா' என்றுதான் வரும்" என்றாள். பள்ளியில் படித்தவர்கள் அவள் பக்கம் சேர்ந்தார்கள். மடியில் கேட்டவர்கள் பாட்டி பக்கம் சேர்ந்தார்கள். ராணுவ வீரர், "வெள்ளிக் கிண்ணத்தில் பால்சோறு" என்று ஓர் அடி உண்டு, அதை இருவருமே விட்டுவிட்டீர்கள் என்று மூன்றாவது கட்சியைத் தொடங்கினார். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க வாத்தியார் மாதிரி இருக்கீங்க, எது சரின்னு சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறக்குமுன் நடத்துநர் சக்கரத்தடியிலிருந்து எட்டிப் பார்த்து, "டிக்கெட் எடுத்தவங்க எல்லாருமே சரிதாங்க, ஏறுங்க" என்றார். அப்போது பாட்டி விரலை உதட்டில் வைத்து, "புள்ள தூங்கி அரைமணி நேரமாச்சு, நீங்கதான் இன்னும் சத்தம் போடுறீங்க" என்றாரே பார்க்கலாம்! காரைக்குடி போய்ச் சேரும்வரை பேருந்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஐம்பது வயதில், வெடித்த டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு மல்லிகைப்பூவுக்காக மனிதர்கள் வழக்காடுகிறார்கள் என்றால், அந்தப் பாட்டு அவர்களுக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடந்திருக்க வேண்டும்! தொட்டில் பழக்கம் என்று இதைத்தான் சொல்கிறேன்.

இனி அச்சுக்கு வருகிறேன். "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு" என்ற பாட்டைப் பாடாமல் வளர்ந்த தமிழர் என் தலைமுறையில் அரிது. ஆனால் அது ஏதோ நாட்டுப்பாடல் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். அதை எழுதியவர் நாகர்கோவிலை அடுத்த தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. எழுதியவர் பெயர் மறைந்து பாட்டு மட்டும் நிற்பதைவிட ஒரு கவிஞருக்குப் பெரிய விருது இல்லை என்பது என் கருத்து. கவிமணி இதற்கு உடன்பட்டிருப்பாரா என்பது வேறு. நம் புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். அவருடைய முதல் தொகுப்பான 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தபோது அதில் இருந்தவை 23 பாடல்கள்தாம். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாவதற்கும் அவரே முன்னின்றார். பகலில் பேரேட்டில் வட்டிக் கணக்கையும் இரவில் யானையையும் அணிலையும் எழுதிய அந்தக் கையை நம் மாவட்டம் இன்னும் கொஞ்சம் உரக்கக் கொண்டாடலாம்.

1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்வரிசையில் இருக்கும் என் வயதுக்காரர்கள் என்னை இறங்க விடமாட்டார்கள். "தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்" என்று நான் தொடங்கினால் மீதியை அவர்களே முடிப்பார்கள். எனக்கு அந்த இதழ் கிடைத்தது முடிதிருத்தும் கடையில்தான். அட்டை இருக்காது, கடைசிப் பக்கமும் இருக்காது. அதனால் வேதாளம் கேட்ட பல கேள்விகளுக்கு விக்கிரமன் என்ன பதில் சொன்னான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தலைமுடி வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட சிறுவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

அந்தக் கடையில் இதழ்கள் எங்கே இருந்தன தெரியுமா? பெஞ்சின் மேல், கைக்கு எட்டும்படி கிடந்தன. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன். குழந்தைகள் பகுதி எங்கே என்று கேட்டேன். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோவைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் புத்தம்புதுப் படக்கதைப் புத்தகங்கள், மடிப்புக் கலையாமல், என் கண் மட்டத்துக்கும் மேலான அடுக்கில் நின்றன. ஒரு சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்தி, முதுகுப் பக்கத் தலைப்புகளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். கிழிந்துவிடும் என்று பூட்டினார்களாம். கிழியட்டுமே! கிழிந்த அம்புலிமாமாதானே என்னை இந்த மேடை வரைக்கும் கொண்டுவந்தது?

சீர்காழியில் பிறந்து நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்த எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியாக, நூல்கள் பயன்பாட்டுக்கே என்றார். ஐரோப்பாவில் ஒருகாலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அந்த விதியை விளக்கும்போதே அவர் எடுத்துக்காட்டுகிறார். சங்கிலி போய்விட்டது, பீரோ வந்துவிட்டது. இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நாம், 1948இல் செய்தோம். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். அந்தச் சிறுமியின் அப்பாவும் அதைக் கட்டுகிறார். தொட்டில் பழக்கம் வர வேண்டுமானால் புத்தகம் தொட்டில் உயரத்தில் இருக்க வேண்டும், ஐயா. இரண்டடிக்கு மேல் போகக் கூடாது.

ஆகவே நூலக அலுவலர் அவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. குழந்தை நூல்களுக்குக் கதவில்லாத தாழ்ந்த அடுக்கு, கீழே விரிக்க இரண்டு பாய், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பெரியவர் ஒருவர் உரக்க வாசித்துக் காட்ட அனுமதி. முதல் நான்கு ஞாயிறுகளுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவதை மளிகைக்கடை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டதாக அறிவிக்கிறேன். அவருக்கு இது இப்போதுதான் தெரியும்.

செயலாளர் சீட்டு நீட்டுகிறார். ஓவியங்களைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன், அது இன்னொரு விழாவுக்கு இருக்கட்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைத்தால், போகிறபோது நீங்கள் ஒவ்வொருவரும் போடலாம். பேனாவை மட்டும் மேசைக் காலோடு நூலில் கட்டி வைத்திருக்கிறேன். அரங்கநாதன் என்னை மன்னிப்பாராக. வணக்கம்.