தடைக்காலச் சோதனையை எங்கே எழுதுவது? காம்பொனென்டும் ஆஸ்பெக்டும்

[திரையில்: ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகம். வரிசையா விசைப்படகுகள்.]

வணக்கம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகணும்னா மீன்வளத்துறை டோக்கன் வேணும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், டோக்கன் கிடையாது. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்ல. இதுக்கு நாமளே ஒரு சாஃப்ட்வேர் எழுதுறதா வெச்சுக்குவோம்.

[திரையில்: மூணு கட்டங்கள்: டோக்கன், டீசல், ஏலம்.]

டோக்கனுக்கு ஒரு காம்பொனென்ட், அதாவது தன் வேலையைத் தானே பார்த்துக்கிற ஒரு சாஃப்ட்வேர் துண்டு, மானிய டீசலுக்கு ஒண்ணு, மீன் ஏலத்துக்கு ஒண்ணு. ஒண்ணோட உள்விவகாரம் இன்னொண்ணுக்குத் தெரியக் கூடாது, இன்டர்ஃபேஸ், அதாவது வெளியே காட்டுற அழைப்புகள், வழியா மட்டும் பேசணும். அப்பத்தான் ஏலத்தை மட்டும் தனியா எடுத்துத் தொண்டியில ஓட விட முடியும்.

ஆனா யார், எப்ப, எந்தப் படகுக்குக் கேட்டாங்கங்கிற லாக், அதாவது பதிவு, மூணுலயும் வேணும். தடைக்காலச் சோதனை, நம்ம டிசைன்ல, டோக்கன்லயும் டீசல்லயும் வேணும். அதே வரிகளை அங்கங்கே ஒட்டி வெச்சா என்ன ஆகும்? 45 நாளா இருந்த தடை 2017-ல 61 நாள் ஆச்சு. கொரோனா வந்த 2020-ல குறைச்சாங்க. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு இடம் விட்டுப்போகும்.

இப்படிப் பல காம்பொனென்ட்ல குறுக்கே ஓடுற வேலையைத் தனியா எழுதத்தான் ஆஸ்பெக்ட். ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல கிரெகர் கிசாலஸ் குழு 1997-ல முன்வெச்ச யோசனை இது.

[திரையில்:
பாயிண்ட்கட்: டோக்கன்.வழங்கு, டீசல்.வழங்கு
அட்வைஸ்: விசைப்படகா? இன்னைக்குத் தடைக்காலமா? ரெண்டும் ஆமான்னா நிறுத்து.]

எங்கே சேரணும்னு பாயிண்ட்கட் சொல்லும், என்ன செய்யணும்னு அட்வைஸ் சொல்லும். டோக்கன் காம்பொனென்ட்ல ஒரு வரிகூட மாறல.

இங்கதான் நிதானமாப் பார்க்கணும். ஜாவாவுல எழுதுறவங்க பயன்படுத்துற ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க், ஆஸ்பெக்டை ஓட்ட, வழக்கமா காம்பொனென்டுக்கு முன்னாடி ஒரு ப்ராக்ஸியை, அதாவது ஒரு இடையாளை, நிறுத்துது. வெளியிலிருந்து வர்ற அழைப்பு அதைத் தாண்டித்தான் உள்ளே போகும். டோக்கனுக்குள்ளயே 'புதுப்பி'ன்னு ஒரு மெத்தட் (கூப்பிட்டா ஓடுற ஒரு கோடு துண்டு) இருந்து, அது தன்னோட 'வழங்கு'வை நேரா கூப்பிட்டா? ப்ராக்ஸிக்குத் தெரியவே தெரியாது. மே மாசம் விசைப்படகுக்கு டோக்கன் அச்சாகி வந்துடும், ஒரு எரரும் வராது. எரர் வராத தப்பைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

ஆஸ்பெக்ட்ஜேங்கிற ஜாவா கருவியை வச்சு பைட்கோடுலயே, அதாவது கம்பைல் ஆன கோடுலயே, ஆஸ்பெக்டை நெய்துட்டா உள் அழைப்பும் மாட்டும். ஆனா நான் 'வழங்கு'வைத் தனி காம்பொனென்டா பிரிக்கத்தான் சொல்வேன். தடைக்குக் கட்டுப்பட்ட வேலை எதுவா இருந்தாலும் அதோட அழைப்பு வெளியே வந்து போகட்டும். படிக்கிறவருக்கும் அது கண்ணுல படும்.

இன்னொண்ணு, லாகையும் ஆஸ்பெக்டா எழுதினா ரெண்டோட வரிசை. லாக் வெளியே, தடைச் சோதனை அதுக்கு உள்ளே. மாத்தி வெச்சா, மறுத்த விண்ணப்பம் லாக்லயே ஏறாது. "கேட்டேனே, ஏன் தரல?"ன்னு படகுக்காரர் வந்து நின்னா காட்ட ஒண்ணும் இருக்காது. ஸ்பிரிங்ல ஆர்டர் எண் குறைவா இருக்கிறதுதான் வெளியே நிக்கும். அதனால லாகுக்கு 1, தடைக்கு 2.